மெக்லாஃப்லின்: சக்தியின் மேடைப் பதிவுகளா, பழைய ஆல்பங்களா? எதிலிருந்து ஆரம்பிப்பது?

கோத்தகிரி_சாரல்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கச்சேரி கேட்டு வளர்ந்தவன். ஜாஸ் பக்கம் எட்டிப் பார்த்ததே மாண்டலின் ஸ்ரீநிவாஸால்தான். அவர் வாசித்திருக்கிறார் என்பதற்காக ‘தி பிலீவர்’ கேட்டேன், அங்கிருந்து ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’. இரண்டும் மேடைப் பதிவுகள், இரண்டிலும் ஜாஸ் கிட்டார்காரர் ஜான் மெக்லாஃப்லின். செல்வகணேஷின் கஞ்சிரா எந்த இடத்தில் உள்ளே வரும் என்பதுவரை இப்போது எனக்கு அத்துப்படி. சரி, ஆரம்பத்திலிருந்து கேட்போம் என்று எழுபதுகளில் அவர் நம் வித்வான்களோடு சேர்ந்து நடத்திய சக்தி குழுவுக்குப் போனால் ஏமாற்றமாக இருக்கிறது. கிட்டார் சத்தமே வேறு. ‘பிலீவரில்’ அவ்வளவு உருண்டையாக, நிதானமாக வாசிக்கிற மனிதர், பழைய ஆல்பங்களில் யாரோ துரத்துவதுபோல ஓடுகிறார், தந்திச் சத்தம் வறட்டென்று காதில் அடிக்கிறது. ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ பரவாயில்லை. ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ எனக்குச் சுத்தமாக ஒட்டவில்லை, எல்லாம் சின்னச் சின்ன உருப்படிகள், ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

ஸ்டூடியோ ஆல்பங்களைக் கேட்டுப் பழகிவிட்டு மேடைப் பதிவுக்கு வர வேண்டியதை நான் தலைகீழாகச் செய்துவிட்டதால் இப்படித் தோன்றுகிறதா? அல்லது இவர் உண்மையிலேயே மேடைக்கான ஆள்தானா?

இன்னொன்று. குன்னூரில் தெரிந்தவர் ஒருவர் சக்தியின் முதல் ஆல்பத்தின் எல்பி (பெரிய இசைத்தட்டு) தருகிறேன் என்கிறார். விலை நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் வீட்டுச் சுவரே வியர்க்கும். வாங்கலாமா?

பழைய_தட்டு_குன்னூர்

தம்பி, முதலில் ஒன்று. சக்தியைப் பொறுத்தவரை தலைகீழ் என்பதே கிடையாது, ஏனென்றால் அவர்களுடைய முதல் ஆல்பமே மேடைப் பதிவுதான். 1975 ஜூலை 5, நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த நிகழ்ச்சி, 1976-இல் தட்டாக வந்தது. ஸ்டூடியோ ஆல்பங்கள் இரண்டும் அதற்குப் பிறகு வந்தவை: ‘ஹேண்ட்ஃபுல்’ 1976, ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ 1977. ஆக நீங்கள் மேடையிலிருந்து ஸ்டூடியோவுக்குப் போனதில் ஒரு தப்பும் இல்லை, நடுவே இருக்கிற முதல் தட்டைத் தாண்டிக் குதித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கிட்டார் சத்தம் வேறு என்றீர்களே, அது சரியான காது. கருவியே வேறு. எழுபதுகளில் அவர் வாசித்தது ஏப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் செய்துகொடுத்த அக்கூஸ்டிக் கிட்டார். கிட்டார் கழுத்தில் மெட்டுகளுக்கு (ஃப்ரெட்) நடுவே மரம் குடைந்திருக்கும், அதனால் தந்தியை அழுத்தியும் இழுத்தும் கமகம் மாதிரி கொண்டுவர முடியும். குறுக்கே ஏழு துணைத் தந்திகள் வேறு, சுருதிக்கு. மனிதர் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர், அந்தத் துணைத் தந்திகளைத் தட்டிவிடுகிற இடங்களில் வீணையின் தாளத் தந்தி ஞாபகம் வராமல் இருக்காது. நீங்கள் கேட்டுப் பழகிய ‘பிலீவர்’ 1999-இல் பதிவானது, அதில் அவர் கையில் இருப்பது எலெக்ட்ரிக் கிட்டார், பழைய ஜாஸ்காரர்கள் விரும்புகிற அந்த மொத்தமான, ஓரம் மழுங்கிய சத்தம். இருபது வருஷத்துக்கு மேல் இடைவெளி, வேறு கருவி, வேறு துணைவர்கள். இதில் எது லைவ், எது ஸ்டூடியோ என்பது மூன்றாவது நான்காவது விஷயம்.

நான் ஒரு வழி சொல்கிறேன். ‘லோட்டஸ் ஃபீட்’ என்கிற ஒரே உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய இன்னொரு குழு, ஜாஸும் ராக்கும் கலந்து வாசித்த மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா. அதன் ‘இன்னர் வேர்ல்ட்ஸ்’ ஆல்பத்தில் அதைக் கிட்டார் சிந்தசைஸரில் வாசித்திருக்கிறார். 1975 மேடையில் எல். சங்கரின் வயலினோடு. 1997 பதிவில், அதாவது ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் 1999-இல் வந்ததில், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு. ‘பிலீவரில்’ ஸ்ரீநிவாஸோடு. நாலையும் ஒரே உட்காரலில் கேளுங்கள். பாட்டின் மெட்டு மாறுவதே இல்லை, ஆனால் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்குத் தகுந்த மாதிரி இவர் எவ்வளவு பேசுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்பது மாறுகிறது. குழலோடு வாசிக்கும்போது பாதி நேரம் கிட்டார் இருப்பதே தெரியாது. எனக்கு அதுதான் பிடித்தது, சிந்தசைஸர் வடிவம் எனக்கு ஆகாது, பிளாஸ்டிக் பூ.

சங்கர் யாரென்று தெரியாதவர்களுக்கு: எல். சுப்ரமணியத்தின் தம்பி, ‘மால்குடி டேஸ்’ தொடருக்கு இசையமைத்த எல். வைத்தியநாதனுக்கும் தம்பி.

செண்பகனூர்_கடம்

கொடைக்கானலிலிருந்து ஒரு வார்த்தை. எல்லோரும் கிட்டாரையே பேசுகிறீர்கள், தாளத்தை யாரும் தொடவில்லையே. நான் கடம் கொஞ்சம் கற்றவன், வாசிப்பவன் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

முதல் மேடைப் பதிவுக்கும் ஸ்டூடியோ ஆல்பங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் மிருதங்கம். 1975 மேடையில் ராம்நாட் ராகவன் மிருதங்கம், விக்கு விநாயக்ராம் கடம், ஜாகிர் உசேன் தபலா. மூன்று பேர். ஸ்டூடியோவுக்குப் போகும்போது ராகவன் இல்லை. எழுபதுகளில் இந்தக் குழுவில் பாஸ் கிட்டார் கிடையாது, டிரம்ஸ் கிடையாது, அடிச்சத்தம் முழுக்கத் தோல் வாத்தியங்களும் பானையும்தான் தர வேண்டும். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த சத்தம் தரும் இடப்பக்கம்) இல்லாமல் போனதும் அந்தப் பாரம் தபலா ஜோடியில் கனத்த சத்தம் தரும் பாயா மேலும் கடத்தின் வாய் மேலும் வந்து விழுகிறது. சாரல் தம்பிக்கு வறட்டென்று கேட்டது கிட்டார் மட்டும் இல்லை, கீழ்ப்பகுதி இளைத்ததும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஸ்டூடியோவை அப்படியே தள்ளிவிடாதீர்கள். கடத்துக்கு மைக் வைப்பது பெரிய தலைவலி. மேடையில் மற்ற வாத்தியங்களின் சத்தமும் அந்த மைக்கில் புகுந்துவிடும், கூட்டினால் ஊளையிடும், குறைத்தால் விரல் கேட்காது. ‘ஹேண்ட்ஃபுல்’ ஆல்பத்தில் விக்கு சாரின் விரல் நகம் மண்ணில் படுகிற சத்தம்வரை தெளிவாக இருக்கிறது, முதல் தட்டில் அது அவ்வளவாகக் கிடைக்காது. அதே ஆல்பத்தின் முதல் உருப்படி ‘லா தான்ஸ் து போனர்’ கொன்னக்கோலில், அதாவது வாயால் தாளச் சொற்களைச் சொல்வதில், ஆரம்பிக்கும். அதைத் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள், எந்த இடத்தில் சொல்லிலிருந்து வாத்தியத்துக்கு மாறுகிறார்கள், மாறியும் கணக்கு எப்படிக் கலையாமல் நிற்கிறது என்று பாருங்கள். மெக்லாஃப்லின் கோர்வையை (முத்தாய்ப்பாக வரும் தாளக் கணக்கை) எண்ணி வாசிப்பவர் இல்லை, உள்ளே சொல்லிக்கொண்டே வாசிப்பவர் என்பது அங்கே தெரியும்.

மேடைப் பதிவின் பலம் நீளம்தான். 1997 பதிவில் ‘முக்தி’ என்று ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு மேல். வத்தலகுண்டு பஸ்ஸில் பெருமாள்மலையில் போட்டேன், டம்டம் பாறை வரும்வரை ஓடியது. பக்கத்து சீட்டுக்காரர் நான் தொடையில் தாளம் போடுவதைப் பார்த்து ஏதோ நரம்புக் கோளாறு என்றே நினைத்துவிட்டார்.

பூம்பாறை_பூண்டு

‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ ஆல்பத்தை எல்லோரும் ஏன் இப்படி மிதிக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. சின்ன உருப்படி என்றால் குறையா? கச்சேரியில் வர்ணமும் துக்கடாவும் இல்லையா? ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ கேட்டிருக்கிறீர்களா, ‘பிரிட்ஜ் ஆஃப் சைஸ்’? சில நிமிஷத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்துபோகிறார்கள். மேடையில் இதே ஆட்கள் பதினெட்டு நிமிஷம், இருபத்தொன்பது நிமிஷம் என்று இழுப்பதில் பாதி நேரம் சங்கரும் மெக்லாஃப்லினும் மாற்றி மாற்றி வேகம் காட்டுவதுதான். அந்த நேரம் அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது மின்சாரம். மூன்றாவது தடவை ஹெட்போனில் கேட்கிறவனுக்குக் கை வலிக்கிறது.

மேடையா ஸ்டூடியோவா என்று நிஜமாகவே ஒப்பிட வேண்டுமானால் சக்தியில் தேடாதீர்கள், அங்கே ஒரே காலத்தில் ஒரே உருப்படியின் இரண்டு வடிவங்கள் கிடைப்பது கஷ்டம். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவுக்குப் போங்கள். 1973 கோடையில் லண்டன் டிரைடென்ட் ஸ்டூடியோவில் மூன்றாவது ஸ்டூடியோ ஆல்பத்துக்காக வாசித்தார்கள், குழுவுக்குள் சண்டை, அதை வெளியிடவில்லை. அதற்குப் பதிலாக அதே ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்ததை ‘பிட்வீன் நத்திங்னெஸ் அண்ட் எடர்னிட்டி’ என்று போட்டார்கள். ஸ்டூடியோ நாடாக்கள் 1999-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. மூன்று உருப்படிகள் இரண்டிலும் உண்டு. ‘டிரீம்’ ஸ்டூடியோவில் 11 நிமிடம், மேடையில் 21. கூடுதல் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். பில்லி கோபமின் டிரம்ஸும் கிட்டாரும் தனியாக மோதிக்கொள்கிற இடம் அங்கேதான் இருக்கிறது, வெறி பிடித்த வாசிப்பு. ஆனால் மெட்டு என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு ஸ்டூடியோ வடிவம்தான் உதவியது. மேடையில் மட்டும் கேட்டிருந்தால் தலையும் தெரிந்திருக்காது வாலும் தெரிந்திருக்காது.

அப்புறம், அட்டையில் லைவ் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பவும் வேண்டாம். ‘ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ’ எல்லோரும் கேட்டிருப்பீர்கள், மூன்று கிட்டார்காரர்கள்: பாக்கோ தே லூசியா, அல் டி மியோலா, மெக்லாஃப்லின். அதன் கடைசி உருப்படி ஸ்டூடியோவில் வாசித்தது. எல்லோரும் சிலாகிக்கிற முதல் உருப்படியில் மெக்லாஃப்லினே கிடையாது, மற்ற இரண்டு பேர்தான். ‘மெக்லாஃப்லின் என்னமா வாசிக்கிறார்’ என்று அந்தப் பாட்டை அனுப்புகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதையே விட்டுவிட்டேன்.

கோத்தகிரி_சாரல்

எல்லோருக்கும் நன்றி. ‘லோட்டஸ் ஃபீட்’ நாலையும் நேற்று ராத்திரி வரிசையாகக் கேட்டேன். குழல் வடிவத்தைப் பற்றி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் 1975 வடிவம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்கு முன்னால் ‘ஜாய்’ பதினெட்டு நிமிஷம் ஓடி எல்லோரும் மூச்சு வாங்குகிற நேரத்தில் அது வருகிறது, தனியாக எடுத்துக் கேட்டால் இந்த அளவுக்கு இறங்காது என்று நினைக்கிறேன். பூண்டு அண்ணே, வேகம் காட்டுவது பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குப் பாதிதான் சம்மதம். அந்த ஓட்டம் இல்லாவிட்டால் இந்த நிதானத்துக்கு மதிப்பு ஏது?

எல்பி பற்றி யாரும் சொல்லவில்லையே?

பழைய_தட்டு_குன்னூர்

சொல்கிறேன். அந்தத் தட்டில் ஒரு சிக்கல் உண்டு, அது மழையால் வருவது இல்லை. இரண்டாவது பக்கம் முழுக்க ஒரே உருப்படி, கிட்டத்தட்ட 29 நிமிடம். எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது இருபத்திரண்டு நிமிடம் என்றால் சௌகரியம், அதற்கு மேல் போனால் வரிகளை நெருக்கி, சத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டும். சத்தம் குறைந்தால் தட்டில் இருக்கிற ஒவ்வொரு பொரிச்சலும் முன்னால் வந்து நிற்கும். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்த தட்டு என்றால் முதல் பக்கம் தப்பிக்கும், இரண்டாவது பக்கம் கடலை வறுக்கிற சத்தத்தோடுதான் கேட்க வேண்டும். ஆகவே வாங்குவதற்கு முன்னால் இரண்டாவது பக்கத்தைத்தான் போட்டுப் பாருங்கள், அதுவும் மெதுவாக வாசிக்கிற இடத்தில்.

வாங்கிவிட்டால்: உள்ளே இருக்கிற பழைய காகித உறையைத் தூக்கிப் போடுங்கள், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வது அதுதான். பாலித்தீன் பூசிய உள்ளுறை கிடைக்கிறது, அதில் போடுங்கள். வெளி அட்டையைப் பிளாஸ்டிக்கில் இறுக்கி ஒட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நிமிர்த்தி அடுக்குங்கள், வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், அடுப்படிச் சுவர் பக்கம் என்றால் உத்தமம். கழுவுவதற்குப் பேட்டரித் தண்ணீர் என்று விற்கிற காய்ச்சி வடித்த நீரே போதும், மெல்லிய பிரஷ், வரி போகிற திசையில். நான் செய்வது இதுதான், பல வருஷமாகப் பூஞ்சை எட்டிப் பார்த்ததில்லை.

செண்பகனூர்_கடம்

சாரலுக்கு ஒரு கடைசி யோசனை. 2023-இல் வந்த ‘திஸ் மொமென்ட்’ கேளுங்கள். 1977-க்குப் பிறகு, 46 வருஷம் கழித்து, சக்தி என்ற பெயரில் வந்த ஸ்டூடியோ ஆல்பம். சங்கர் மகாதேவன், செல்வகணேஷ், வயலினில் கணேஷ் ராஜகோபாலன், ஜாகிர் உசேன். 2024-இல் கிராமி வாங்கியது, அதே வருஷம் டிசம்பரில் ஜாகிர் போய்விட்டார். அவரவர் ஊரில் இருந்தபடியே தனித்தனியாக வாசித்து அனுப்பிச் சேர்த்த பதிவு, ஆனாலும் தாளத்தில் ஒரு இடம்கூடத் தளரவில்லை. மேடையில் சேர்ந்து இத்தனை வருஷம் வாசித்திராவிட்டால் இது நடந்திருக்குமா என்பதுதான் என் கேள்வி.

பூம்பாறை_பூண்டு

நல்ல ஆல்பம், ஆனால் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பளபளப்பு. மிக்ஸிங்கில் எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டார்கள். சாரல் தம்பி, ஓட்டம் இல்லாமல் நிதானத்துக்கு மதிப்பு ஏது என்று கேட்டீர்களே, ‘பிரிட்ஜ் ஆஃப் சைஸ்’ மட்டும் ஒரு தடவை தனியாகக் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம்.