புதுப்பிப்பு: அடிக்கோலில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வாசித்த மகள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் தொடக்கப்பள்ளி மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள், எதை அளந்தாலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாகவே சொல்கிறாள் என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

“கோடுகளை எண்ண விடாமல், இடைவெளிகளை எண்ணச் சொல்லுங்கள்” என்ற யோசனைதான் பலித்தது. எண்ணுவது ஒன்றிலிருந்துதானே தொடங்கும் என்று நினைத்து, அவள் பொருளின் முனையை 1 என்ற கோட்டில் வைத்துவிட்டு, மறுமுனையில் தெரிந்த எண்ணை அப்படியே வாசித்திருக்கிறாள். பென்சில் நுனியை 0 கோட்டில் வைத்து, ஒவ்வோர் இடைவெளியாகத் தாவவிட்டு எண்ணச் செய்ததும், இரண்டே மாலைகளில் தவறு நின்றது. சென்டிமீட்டருக்குள் இருக்கும் 10 சிறு இடைவெளிகளையும் அவ்வாறே எண்ணினாள். நடுவிலுள்ள சற்று நீண்ட கோடு 5 மில்லிமீட்டர் என்பதை அவளே கண்டுபிடித்தாள். பிறகு 10 சென் நாணயத்தின் குறுக்களவை 1 சென்டிமீட்டர் 9 மில்லிமீட்டர் என்று எழுதினாள். அதன் விட்டம் 18.80 மில்லிமீட்டர் என்பதால், அடிக்கோலுக்கு இது மிகச் சரியான வாசிப்பு என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி.

எதிர்பாராத இரண்டையும் குறிப்பிட வேண்டும். அவளுடைய பிளாஸ்டிக் அடிக்கோலில் 0 கோடு விளிம்பில் இல்லாமல் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருந்தது. வீட்டிலுள்ள மரக்கோலிலோ விளிம்பே 0. மேலும், மறுபக்கம் அங்குலம் இருந்ததால் (ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்) சில நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்து அளந்திருக்கிறாள். அந்த ஓரத்தை ஒட்டுத்தாளால் மறைத்துவிட்டேன்.