கொச்சியில் 4 மணி நேரம்: தமிழ் பேசும் வழிகாட்டி தேவை

வணக்கம். வரும் வியாழன் காலை 8 மணிக்கு எங்கள் கப்பல் வில்லிங்டன் தீவில் நிற்கிறது. பகல் 1 மணிக்குள் திரும்ப ஏறியாக வேண்டும். நான்கு பேர், இருவர் எழுபதைத் தாண்டியவர்கள். கூட்டத்தோடு பேருந்து ஒத்துவராது. தனிக் காரும் தமிழ் பேசும் உரிமம் பெற்ற வழிகாட்டியும் வேண்டும்.

கிழமை நல்லவேளையாக அமைந்துவிட்டது. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, பரதேசி யூத ஆலயத்துக்கு வெள்ளி, சனி இரண்டுமே. ஆனால் அவை 10 மணியை ஒட்டித்தான் திறக்கும். அதனால் முதலில் கோட்டைக் கொச்சி: சீன மீன்பிடி வலைகள், பிறகு 1524இல் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த தேவாலயம். உடல் எச்சங்களைப் பிறகு போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

வலையைத் தூக்கும்போது கயிற்றில் கட்டிய கற்கள் ஒவ்வொன்றாக இறங்குவதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். அது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பொறுத்தது என்கிறார்கள், காலை 8.30க்கு வலை இறக்குவார்களா?

அரண்மனையில் இராமாயணச் சுவரோவியங்களைப் பார்க்க எத்தனை படி ஏற வேண்டும்? முழங்கால் வலி உள்ளவரால் முடியுமா?

திரும்பும்போது தோப்பும்படி பாலத்து நெரிசலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? 45 நிமிடம் போதுமா?

பேசும் கட்டணத்தில் கார், காத்திருப்பு, நுழைவுச்சீட்டு எல்லாம் அடக்கமா என்று முன்பே எழுதி வாங்க நினைக்கிறேன். மசாலாக் கடைக்குள் கூட்டிப்போய் ஒரு மணி நேரத்தைக் கரைக்காத வழிகாட்டி யாராவது தெரிந்தால், உள்பெட்டியில் சொல்லுங்கள்.