நிறுவனம் மாற பழைய நிறுவனத்தின் தயவு எதற்கு?

தூண்டில்:
வீட்டுக்குள் சிக்னல் எடுப்பதில்லை என்று வேறு செல்போன் நிறுவனத்துக்கு மாற முடிவெடுத்தேன். எண் அதேதான் வேண்டும். அதற்குப் போர்ட் குறியீடு, அதாவது எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகக் காட்ட வேண்டிய குறியீடு, வாங்க வேண்டுமாம். குறுஞ்செய்தி அனுப்பினால் குறியீடு வரவில்லை, மறுப்புதான் வந்தது. சேவை மையத்தை அழைத்தால் "நிலுவை இருக்கு சார்" என்கிறார்கள். கட்டி முடித்த பில் அது. ரசீதைக் காட்டினால் "சிஸ்டத்தில் இன்னும் ஏறவில்லை". இதற்கு நடுவே இன்னொரு பிரிவிலிருந்து தேன் ஒழுகும் குரலில் ஓர் அழைப்பு: உங்களுக்கு மட்டும் ஒரு சிறப்புத் திட்டம் இருக்கிறது, போகாதீர்கள். இத்தனை காலம் ஒழுங்காகப் பணம் கட்டியபோது அந்தத் திட்டம் எங்கே ஒளிந்திருந்தது?

புதிய நிறுவனத்திடம் போய் "இது என் எண், கொண்டுவந்துவிடுங்கள்" என்று சொன்னால் மிச்சத்தை அவர்கள்தான் பார்க்க வேண்டும். குடிபோகிறவன் பழைய வீட்டுக்காரரிடம் லாரிக்கு அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பானா? குறியீடு என்ற ஏற்பாட்டையே தூக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி.

வேலிஓணான்:
கோபம் நியாயமானது, தீர்வுதான் ஆபத்தானது. குறியீடு எங்கே வருகிறது? உங்கள் கையில் இருக்கும் சிம்முக்கு. எண் உங்களிடம்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அதைத் தூக்கிவிட்டால், உங்கள் பெயரும் பிறந்த தேதியும் தெரிந்த எவனும் ஒரு கடையில் போய் உட்கார்ந்து உங்கள் எண்ணைக் கேட்கலாம். எண் போனால் ஓடிபி போகும், ஓடிபி போனால் வங்கிக் கணக்கு துடைக்கப்படும்.

கற்பனை இல்லை இது. ஆஸ்திரேலியாவில் நீங்கள் கேட்கிற முறைதான் இருந்தது. புதிய நிறுவனமே எல்லாவற்றையும் செய்யும், எண் சீக்கிரமே மாறிவிடும். அந்த வேகம் மோசடிக்காரனுக்கும் வசதியாகப் போனது. கடைசியில் 2020 ஏப்ரல் முதல், எண்ணை மாற்றும் முன் கூடுதலாக ஒருமுறை ஆளைச் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று அங்கே விதி போட்டார்கள்.

தூண்டில்:
வேலிஓணான் சார், உங்கள் உதாரணம் எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. அங்கே சரிபார்க்கிற பொறுப்பு யாருடையது? புதிய நிறுவனத்துடையது. என் சிம்முக்கு ஒரு ஓடிபி அனுப்பிக் கேட்டால் முடிந்தது. சிம் என் கையில் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. நான் போவதில் பழைய நிறுவனத்துக்குச் சம்மதமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு நான் எத்தனை முறை வேண்டுமானாலும் பதில் சொல்கிறேன். இரண்டாவதை எதற்குக் கேட்கிறார்கள்?

மொட்டைமாடி:
அண்ணன்மார்களே, குறியீடு வாங்குவதெல்லாம் பாதிக் கிணறு. மாறின அன்றைக்கு நடக்கிற கூத்தை யாரும் சொல்லவில்லையே.

பழைய சிம் செத்துவிட்டது, புதியதில் முழுக் கோடும் காட்டுகிறது. நான் அழைத்தால் போகிறது. அப்பாடா என்று உட்கார்ந்தால், தங்கை வேறொரு எண்ணிலிருந்து திட்டுகிறாள்: "உன் நம்பர் உபயோகத்தில் இல்லைன்னு சொல்லுது". மைத்துனர் அழைத்தால் மட்டும் மணி அடிக்கிறது. விசாரித்தபோது புரிந்தது: என் எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்பது மற்ற எல்லா நிறுவனங்களின் பதிவேட்டிலும் ஏற வேண்டும். எந்த நிறுவனத்தில் ஏறவில்லையோ, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய அழைப்பு பழைய இடத்துக்கே போய் முட்டிக்கொண்டு நிற்கும். வங்கிச் செய்தி, மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும் இடைத்தரகர் நிறுவனம் வழியாக வருவதால் எனக்கு அதுதான் கடைசியாக வந்து சேர்ந்தது. சரியாக அதே ராத்திரி வங்கிச் செயலி, சிம் மாறியிருக்கிறது, மறுபடி பதிவு செய் என்று ஓடிபி அனுப்புகிறது. எங்கே அனுப்புகிறது? அதுதான் வரவில்லையே!

கணக்குப்பிள்ளை:
விதியைத் தெரிந்துகொண்டு சண்டை போட்டால் நல்லது.

இந்தியாவில் முன்பு குறியீட்டைப் பழைய நிறுவனமே கொடுத்தது. 2019 டிசம்பர் 16 முதல் அப்படி இல்லை. 1900க்கு நீங்கள் செய்தி அனுப்பினால், நடுவில் இருக்கும் பொது அமைப்பு பழைய நிறுவனத்திடம் அந்தக் கணமே விவரம் கேட்டு, தடை இல்லையென்றால் எட்டு எழுத்துக் குறியீட்டைத் தானே தருகிறது. பெரும்பாலான தொலைத்தொடர்பு வட்டங்களில் (நாட்டைப் பிரித்துவைத்திருக்கும் சேவைப் பகுதிகள்) அதன் ஆயுள் 4 நாள். அதே வட்டத்துக்குள் என்றால் 3 வேலைநாளில் எண் மாற வேண்டும். எண் 90 நாளாவது அந்த நிறுவனத்தில் இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் நிலுவை இருக்கக் கூடாது. தொலைந்துபோன சிம்முக்குப் பதில் புதியது வாங்கியிருந்தால் 7 நாள் குறியீடு கிடைக்காது, இது 2024 ஜூலை 1 முதல். இந்த ஏழு நாள் விதி முழுக்க முழுக்க வேலிஓணான் சொல்கிற மோசடிக்காக வந்தது.

ஆனால் தூண்டில் அண்ணன் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவில் நிலுவை இருக்கிறது என்பதற்காகப் பழைய நிறுவனம் எண்ணைப் பிடித்துவைக்க முடியாது. பணத்தைத் தனியாக வசூலித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேலிஓணான்:
அதே அமெரிக்காவில்தான் அடுத்தவன் எண்ணைத் தன் பக்கம் மாற்றிக்கொண்டு பணம் அடிக்கிற மோசடி பெருகி, 2023 நவம்பரில் அவர்களுடைய தகவல்தொடர்பு ஆணையம் தனியாக விதிகள் கொண்டுவந்தது. மறுக்கக் கூடாது என்ற சட்டம் ஒரு பக்கம், திருட்டு இன்னொரு பக்கம். நிலுவை விஷயத்தில் நான் பிடிவாதமாக இல்லை. ஆனால் பில் கட்டாமல் மாதத்துக்கொரு நிறுவனம் தாவுகிறவனின் கடனை யார் தலையில் கட்டுவார்கள்? நம் தலையில்தான்.

தூண்டில்:
சரி, கடன்காரனைத் துரத்தட்டும். நான் கடன்காரன் இல்லையே! நிலுவை உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற இடத்தில் அந்த நிறுவனமே உட்கார்ந்திருக்கிறது. பொது அமைப்பு கேட்கிறது, அவர்கள் "உண்டு" என்கிறார்கள், கதை முடிந்தது. நான் கட்டின ரசீதை யாரும் கேட்பதில்லை.

அதோடு, பூட்டுக்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்தால் எதையும் நியாயப்படுத்தலாம். சில மலிவுத் திட்டங்களில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியே கிடையாது, 1900க்கு எப்படி அனுப்புவது? புகார்கள் போய், எந்தத் திட்டமாக இருந்தாலும் போர்ட் செய்திக்கு வழிவிட வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட வேண்டியிருந்தது. இதில் எந்தத் திருடனைத் தடுத்தார்கள்?

வேலிஓணான்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை, அது அயோக்கியத்தனம். அதனால் குறியீடு கெட்டதாகிவிடாது. பிரிட்டனைப் பாருங்கள். அங்கே குறியீட்டைப் பழைய நிறுவனமே தருகிறது. 2019 ஜூலை 1 முதல் 65075க்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். ஒப்பந்தத்தை உடைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கும் சேர்ந்தே வருகிறது. தேன் குரல் அழைப்பைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறியீட்டுக்கு 30 நாள் ஆயுள். சிம்மும் சாட்சி சொல்கிறது, ஆளும் நிம்மதியாகப் போகிறார்.

தூண்டில்:
30 நாளா? ஒருமுறை என் போன் திருடன் கையில் சிக்கினால் அவனுக்கும் 30 நாள் அவகாசம். உங்கள் பாதுகாப்பு வாதம் இந்த இடத்தில் மட்டும் ஏன் தூங்குகிறது?

மொட்டைமாடி:
ஹா ஹா, இதற்கு வேலிஓணான் சார் இன்றிரவு தூங்க மாட்டார்.

வேலிஓணான்:
போன் போனால் முதலில் சிம்மை முடக்க வேண்டும் ஐயா, குறியீடு நாலு நாளா முப்பது நாளா என்று எண்ணிக்கொண்டா இருப்பீர்கள்? என் நிலை அதேதான்: குறியீடு இருக்கட்டும். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில், தொகையோடு சொல்லட்டும்.

தூண்டில்:
எழுத்தில் வாங்குகிறதுக்கும் அவர்களிடம்தானே போய் நிற்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
ஆமாம், நிற்கத்தான் வேண்டும். ஆனால் வாயால் பேசாதீர்கள். எந்த பில்லின் நிலுவை, தேதி என்ன, தொகை என்ன என்று மின்னஞ்சலில் கேட்டு, ரசீதையும் இணைத்துப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்வு வராவிட்டால் அந்தப் புகார் எண்ணைக் காட்டி மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். ப்ரீபெய்டு என்றால் மாறும் முன் மிச்ச இருப்பைச் செலவழித்துவிடுங்கள், அது புதிய நிறுவனத்துக்கு உங்களோடு வராது. மொட்டைமாடி சொன்ன வங்கிச் சிக்கல் வேறு இருக்கிறது, மாறுகிற நாளில் அவசரப் பணப் பரிமாற்றம் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.