மேலே படகு, கீழே வீடு: எஸ்டேட் ஏரிக்கரையை வெட்டலாமா?

பள்ளத்துவீடு:
ஏற்காட்டிலிருந்து வாணியாற்றுப் பக்கம் இறங்கும் ஓர் ஓடையின் ஓரத்தில் எங்கள் வீடு. மேலே ஒரு காப்பி எஸ்டேட். ஓடையை மறித்து மண் கரை போட்டு ஏரி ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் காப்பிக்குத் தண்ணீர் விடக் கட்டியது. இப்போது கரையோரம் வாடகை அறைகள், இரண்டு மிதிபடகு, சனி ஞாயிறு கூட்டம். கரை இரண்டு மாடி உயரம் இருக்கும். அதற்குக் கீழே 14 வீடுகள். ஐப்பசி மழையில் கரையடியில் ஈரம் தெரிந்தது. இப்போது ஊற்றாகவே ஓடுகிறது. போய்ச் சொன்னால், "ஐம்பது வருஷமா நிக்குது, போங்க" என்கிறார்கள். கரையை வெட்டி ஓடையை அதன் போக்கில் விட வேண்டும் என்பது என் கருத்து. படகு விட ஏற்காட்டு ஏரி இருக்கிறதே.

மிளகுக்கொடி:
எனக்கும் எஸ்டேட் இருக்கிறது, அதில் சின்ன ஏரியும் இருக்கிறது. வெட்டு என்று சொல்வது சுலபம் தம்பி. பங்குனியில் காப்பி பூக்க வைக்கும் பூ மழை தவறினால் ஸ்பிரிங்க்ளருக்கு அந்தத் தண்ணீர்தான். தண்ணீர் இல்லையென்றால் அந்த வருஷக் காய்ப்பு போச்சு. கோடையில் உங்கள் கிணறு வற்றாமல் இருப்பதற்கும் அந்த ஏரி ஒரு காரணமாக இருக்கலாம். மண் கரை என்றால் கசியத்தான் செய்யும். கசியாத மண் கரையை நான் பார்த்ததில்லை.

கரைமேஸ்திரி:
ஏரிக்கரை வேலையிலேயே முப்பது வருஷம் இருந்தவன் நான். கசிவு இயல்பு என்று மிளகுக்கொடி சொல்வது சரிதான். ஆனால் என்ன நிறத்தில் கசிகிறது என்று கேட்க வேண்டும். தெளிந்த நீர் என்றால் அளவைக் குறித்து வைத்துக் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் கரைக்குள்ளிருந்து மண் வெளியேறுகிறது. உள்ளே எலி வளை போல ஒரு குழாய் உருவாகி, ஏரி நீரை நோக்கி வளர்ந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் கரை நன்றாகத்தான் இருக்கும். பள்ளத்துவீட்டார் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அப்புறம், கலிங்கு, அதாவது ஏரி நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் வழி, எப்படி இருக்கிறது?

பள்ளத்துவீடு:
கலிங்கின் குறுக்கே வலை கட்டியிருக்கிறார்கள் ஐயா, வளர்ப்பு மீன் போய்விடக் கூடாது என்று. சில்வர் ஓக் இலை வந்து அடைத்துக்கொள்கிறது. படகுக்கு ஆழம் போதவில்லை என்று மணல் மூட்டையும் அடுக்கியிருக்கிறார்கள்.

கரைமேஸ்திரி:
ஊற்றைவிட இதுதான் எனக்கு அதிகப் பயம். கல் அணை மேல் தண்ணீர் வழிந்தால் சிறிது நேரமாவது தாங்கும். மண் கரை மேல் வழிந்தால் அரித்துக்கொண்டே இறங்கும்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்று ஒரு மண் அணை. கால்வாய்க்காகக் கட்டியது, பிறகு பணக்காரர்களின் மீன்பிடி கிளப் கைக்குப் போனது. கரையின் அடியில் நீரை இறக்குவதற்கு இருந்த குழாய்களை அதற்கு முன்பே கழற்றிவிட்டிருந்தார்கள். குதிரை வண்டி போவதற்காகக் கரையின் தலையைத் தாழ்த்தினார்கள். மீன் போகாமல் இருக்க உபரிநீர் வழியில் கம்பி வலை கட்டினார்கள். 1889 மே 31 அன்று பெருமழையில் கரை மேல் வழிந்து உடைந்தது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரத்தில் 2,209 பேர் இறந்தார்கள். அந்த வலையை நினைத்துத்தான் உங்களிடம் கலிங்கைக் கேட்டேன்.

மிளகுக்கொடி:
ஐயா, அது 72 அடி உயர அணை. இங்கே இருப்பது குட்டை. அதையும் இதையும் ஒன்றாக வைத்து மக்களைப் பயமுறுத்தாதீர்கள். மழை நாளில் வதந்தி கிளம்பினால் என்ன ஆகும்?

கரைமேஸ்திரி:
கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு ஏக்கர் பரப்பு, சராசரி மூன்று மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொண்டால் 24,000 கன மீட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் 2,000 லாரி. அத்தனையும் சில நிமிடங்களில் மலைச் சரிவில் இறங்கினால் 14 வீட்டுக்கு அது குட்டை இல்லை. கென்யாவில் சோலாய் என்ற இடத்தில் 2018 மே மாதம் ஒரு தனியார் பண்ணையின் மண் அணை உடைந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இன்னொன்று: 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரையிலானவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். இரண்டு மாடிக் கரை அதற்குள் வராது. அப்படியென்றால் உடைமைக்காரர்தான் அதற்குக் காவல்.

மிளகுக்கொடி:
வலை விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். என் ஏரியிலும் வலை இருக்கிறது, இதுவரை அப்படி யோசித்ததில்லை. ஆனால் கரையை வெட்டுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். மழைக்காலத்தில் ஜேசிபி வைத்து வெட்டினால் நாமே வெள்ளத்தை உண்டாக்குகிறோம்.

கரைமேஸ்திரி:
அது முழுக்கச் சரி. இப்போது யாரும் வெட்டக் கூடாது. மூட்டைகளையும் வலையையும் எடுங்கள். சைஃபன் குழாய் (கரைக்கு மேலாக வளைத்துப் போட்டால் நீரைத் தானாக இழுத்துக் கீழே விடும் குழாய்) போட்டு நீரை இறக்குங்கள், ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் வேண்டாம். வேகமாக இறக்கினால் உள்பக்கச் சரிவு ஊறிய மண்ணோடு சரியும். கரை மேல் மரம் இருந்தால் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். வேர் உள்ளே மக்கினால் தண்ணீருக்கு அதுவே வழி.

பள்ளத்துவீடு:
நேற்று இரவு பாட்டிலில் பிடித்து வைத்தேன். காலையில் அடியில் ஒரு விரல் கனத்துக்குச் செம்மண் படிந்திருக்கிறது.

கரைமேஸ்திரி:
இன்றே நீரை இறக்கத் தொடங்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் பாட்டிலோடு போங்கள். இரவு மழை பிடித்தால் ஓடையோரம் யாரும் தூங்க வேண்டாம்.

மிளகுக்கொடி:
என் கலிங்கு வலையை இன்று காலையே அறுத்து எடுத்துவிட்டேன். அந்த எஸ்டேட்காரரை எனக்குத் தெரியும். மதியம் உங்களோடு வருகிறேன், சைஃபனுக்கு என்னிடம் குழாய் இருக்கிறது. கரையை வெட்டச் சொல்லி வரவில்லை, நீரை இறக்கச் சொல்ல வருகிறேன்.

பள்ளத்துவீடு:
வாங்க அண்ணா, இரண்டு மணிக்கு வளைவில் நிற்கிறேன். கோடை வந்ததும் கரையை வெட்ட வேண்டும் என்று மறுபடி கேட்பேன், அதில் மாற்றமில்லை. அம்மாவையும் பிள்ளைகளையும் இப்போதே மேட்டுத் தெருவில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மற்ற 13 வீட்டுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.