எம்டிஎஸ்ஸா, பிஎச்டியா?
சமய ஆய்வுத் துறையில் இருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். ஓதுவார்களின் தேவார மரபை ஆராய ஆசை. கையில் இரண்டு இடங்கள். ஒன்று, ஹார்வர்ட் டிவினிட்டி ஸ்கூலில் இரண்டாண்டு எம்டிஎஸ் (MTS), அதாவது இறையியல் ஆய்வில் முதுகலைப் படிப்பு. கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடி. வாடகையும் சாப்பாடும் என் பாடு. பாஸ்டன் பக்கத்து வாடகையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. இன்னொன்று, ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி. ஐந்தாண்டு கட்டணமில்லை, மாதா மாதம் உதவித்தொகை, பதிலுக்கு வகுப்பில் உதவ வேண்டும். ஆனால் அங்கே தமிழ் தெரிந்த பேராசிரியர் ஒருவர்தான், அவரும் ஓய்வை நெருங்குகிறார்.

கடன் வாங்கிப் படிக்கிற துறையா இது? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏப்ரல் 15க்குள் பதில் சொல்லியாக வேண்டும். கோடைக்கால உதவித்தொகை கூடுதலாகக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா? அப்புறம், நெறியாளர் பாதியில் ஓய்வு பெற்றும் ஆய்வை முடித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிச் சமாளித்தீர்கள்?