ஜிரோ இசை விழாவுக்கு மடக்குப் பந்தல் கொண்டுபோவது தகுமா?

காட்பாடி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அருணாசலப் பிரதேசத்தில் 2012ஆம் ஆண்டு தொடங்கிய ஜிரோ இசை விழாவுக்கு, காட்பாடியிலிருந்து நாங்கள் ஆறு நண்பர்கள் இந்தச் செப்டம்பரில் செல்லவிருக்கிறோம். கன்னியாகுமரியிலிருந்து அசாமில் உள்ள திப்ருகர் செல்லும் விவேக் விரைவு வண்டியில் ஸ்லீப்பர் வகுப்பில் போய், அங்கிருந்து வாடகை வண்டியில் மலையேறுவது எங்கள் திட்டம். தங்குவதற்கு மூன்று சிறிய கூடாரங்கள் கைவசம் உள்ளன. அவற்றுடன், மூன்று மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட ஒரு மடக்குப் பந்தலையும், அதாவது கடைகளில் கேனோபி என்றும் கெசிபோ என்றும் விற்கிறார்களே, அதையும் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறோம். நண்பர் ஒருவர் சித்தூர் சாலையில் தாம் நடத்தும் பழச்சாறுக் கடைக்காக வாங்கியது அது. விழா நாட்களில் எங்களுக்குத் தருவதாகச் சொல்கிறார்.

நம் ஊர் வெயிலில் காலை எட்டு மணிக்கு மேல் கூடாரத்துக்குள் ஒருவரும் படுத்திருக்க முடியாது என்பதால், நடுவில் பந்தலை நிறுத்திச் சுற்றிலும் கூடாரங்களை அமைத்துக்கொண்டால் பகல் முழுவதும் நிழலில் அமரலாம், சமைக்கலாம், கொண்டுபோகும் கிட்டாரையும் கஞ்சிராவையும் வாசிக்கலாம் என்பது எங்கள் எண்ணம். இவ்வளவு தொலைவு அதைச் சுமந்து செல்வது பயன் தருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை ரயிலடி எழுதியது:

முதலில் அளவைப் பாருங்கள், பிறகு மற்றதைப் பேசலாம். ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ வரை கட்டணமில்லை. ஆகவே எடை உங்களுக்குத் தடையாக இராது. ஆனால் பெட்டிக்குள் கொண்டுவரும் பொருளின் அளவு 100 செ.மீ., 60 செ.மீ., 25 செ.மீ. என்பதற்குள் அடங்க வேண்டும் என்பது ரயில்வே விதி. மடக்கிய பந்தல் பொதுவாக ஒன்றரை மீட்டர் நீளம் இருக்கும். அதைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து பிரேக் வேனில், அதாவது வண்டியின் சரக்குப் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். இருக்கைக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று நினைத்தால், இரண்டு இரவுகள் உடன் பயணிப்பவர்களின் கால்களுக்கு நடுவில்தான் அது கிடக்கும்.

ஆற்காடு பந்தல்காரர் எழுதியது:

தம்பி, எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பந்தல் தொழிலில் இருக்கிறது. கோயில் திருவிழா, கல்யாணம், விடிய விடிய நடக்கும் பாரதக் கூத்து என்று இந்த வட்டாரத்தில் போடாத பந்தல் இல்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்: கடை வாசலில் நிற்கும் பந்தலும் திறந்த வெளியில் நிற்கும் பந்தலும் ஒன்றல்ல. சித்தூர் சாலையில் அதற்குப் பின்னால் சுவர் இருக்கிறது, பக்கத்தில் மரம் இருக்கிறது, காற்று பலத்தால் மடக்கி வைக்க ஆள் இருக்கிறார். விழாவிலோ நீங்கள் எல்லோரும் மேடைக்கு முன்னால் இருக்கும்போது, ஆளில்லாத பந்தல் மட்டும் வயல்வெளியில் தனியாக நிற்கும்.

அதன் கூரை ஒன்பது சதுர மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று அவ்வளவு பரப்பில் நேராக மோதினால், ஏறத்தாழ 65 முதல் 70 கிலோ எடை அழுத்துவதற்குச் சமமான விசை உண்டாகும். ஆடிக் காற்று அடிக்கும்போது நாங்கள் பக்கத் துணிகளை அவிழ்த்துவிடுவது இதனால்தான். மூன்று பக்கமும் துணி கட்டி ஒரு பக்கத்தைத் திறந்துவைத்தால், உள்ளே புகுந்த காற்று கூரையை மேலே தூக்கிவிடும். இந்த மடக்குப் பந்தலின் சட்டமோ மெல்லிய கத்தரிக்கோல் இணைப்புகளால் ஆனது. ஒரு கம்பி வளைந்துவிட்டாலே மறுபடி மடங்காது. பழுதானதைத் திப்ருகரிலிருந்து திரும்பச் சுமந்து வருவீர்களா?

மழை இன்னொரு வகை ஆபத்து. கூரைத் துணி தொய்ந்திருந்தால் நீர் அதில் தேங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் உயரம் தேங்கிய நீரின் எடை மட்டும் 10 கிலோ. இரவில் யாரும் கவனிக்காமல் விட்டால், விடியும்போது நான்கு கால்களும் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும் கொண்டுபோவதாக இருந்தால், உடன் வரும் சிறு முளைகளை நம்பாதீர்கள். ஓரடிக்குக் குறையாத இரும்பு முளைகளைப் பந்தலுக்கு எதிர்ப்புறம் தலை சாயும்படி அடித்து, கயிற்றை ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் இழுத்துக் கட்டுங்கள். காலுக்கு ஒன்றாக நான்கு காலிச் சாக்குகளை எடுத்துப்போய் அங்கே மண்ணோ கல்லோ நிரப்பிக்கொள்ளலாம். 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் கிடைத்தால் அவையும் உதவும். முகாமை விட்டு வெளியே போகும்போதெல்லாம் கூரையை இறக்கிவிட வேண்டும். இடி மின்னல் வந்தால் இரும்புச் சட்டத்துக்கு அடியில் நிற்காமல், கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்விடுங்கள்.

குடியாத்தம் செவிலி எழுதியது:

நான் வேலூரில் படித்து, இப்போது இங்கிலாந்தில் பணிபுரிகிறேன். இங்கே கோடையில் நடக்கும் இசை விழாக்களுக்குத் தோழிகளுடன் போவதுண்டு. கெசிபோ விஷயத்தில் ஒரு விழாவின் விதி இன்னொன்றுக்குப் பொருந்தாது: சிலவற்றில் முழுத் தடை, சிலவற்றில் குறிப்பிட்ட பகுதியில் மட்டும் அனுமதி, சிலவற்றில் அளவுக் கட்டுப்பாடு. இரண்டு மூன்று கூடாரங்கள் கொள்ளும் இடத்தை ஒரு பந்தல் பிடித்துக்கொள்வதும், உடைந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருப்பதும் காரணங்கள். ஆகவே நுழைவுச் சீட்டு வாங்கும்போதே முகாம் பொறுப்பாளர்களுக்கு அளவைக் குறிப்பிட்டு எழுதிக் கேட்டு, அவர்களின் பதிலைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சமைப்பதைப் பற்றிக் குறிப்பிட்டிருந்தீர்கள். மழைக்காகப் பக்கத் துணிகளை இறக்கிவிட்டு உள்ளே அடுப்பு மூட்டுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். கரி அடுப்பு அணைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வெளிவந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காக அந்த அடுப்பைக் கூடாரத்துக்குள் எடுத்துவைத்துத் தூங்கியவர்கள் எழுந்திராத செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன.

காட்பாடி வாசி எழுதியது:

மிக்க நன்றி. பிரேக் வேன் செய்தியைக் கேட்டதுமே எங்களில் இருவர் பின்வாங்கிவிட்டனர். ஆனாலும் ஆறு பேர் ஒன்றாக உட்கார ஓர் இடம் வேண்டுமே! அண்ணா, பந்தலுக்கு மாற்றாக வேறு ஏதேனும் உண்டா?

ஆற்காடு பந்தல்காரர் எழுதியது:

பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடித் தார்ப்பாய் ஒன்றும், நல்ல நைலான் கயிறும் போதும். மடித்தால் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும். நட்ட நடுவில் உயரமாக ஒரு கயிற்றை இழுத்து, அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு இரு பக்கமும் நன்றாகச் சரியவிட்டால் நீர் தேங்காது. ஓரத்துக் கண்ணிகள் கிழியாமலிருக்க, துணியின் உட்புறம் ஒரு கூழாங்கல்லை வைத்து வெளியிலிருந்து கயிற்றால் முடிச்சிட்டு இழுங்கள். கழிகளை அங்கேயே தேடிக்கொள்ளலாம்.

வாலாஜா பயணி எழுதியது:

ஜிரோவுக்குப் போய்வந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். காட்பாடி வாசி வேலூர் வெயிலை மனத்தில் வைத்துத் திட்டமிடுகிறார். ஜிரோ பள்ளத்தாக்கு 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. செப்டம்பரில் அங்கே மழைக்காலம் முழுதாக ஓய்ந்திருக்காது. உச்சி வெயில் சில வேளை சுடத்தான் செய்யும், ஆனால் நாள் முழுவதும் நிழல் தேடி அலைய வேண்டியிருக்காது. உங்களுக்குத் தேவைப்படுவது நனையாத தலையும் ஈரம் ஏறாத தரையும். எனவே தார்ப்பாய் ஒன்று மேலே என்றால், இன்னொன்று கீழே விரிக்க வேண்டும். சேற்றுக்கு முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸும், இரவுக் குளிருக்குக் கம்பளியும் பந்தலைவிடப் பல மடங்கு பயன்படும்.

கழிகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். அங்கு வாழும் அபதானி மக்கள் நெல் வயலிலேயே மீன் வளர்ப்பவர்கள். மூங்கிலையும் தோப்பாக நட்டுப் பராமரிக்கிறார்கள். வேலி போட்ட அந்தத் தோப்புகள் காடு அல்ல, குடும்பச் சொத்து. கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடாமல், முகாம் நடத்துபவரிடம் கேட்டு விலை கொடுத்து வாங்குங்கள். வயல் வரப்புகளிலும் கயிறு கட்ட வேண்டாம்.

திப்ருகரிலிருந்து போகிபீல் பாலம் வழியாகப் பிரம்மபுத்திராவைக் கடந்து வடலக்கிம்பூர் போய், அங்கிருந்து மலையேறும் வழி உங்களுக்கு ஏற்றது. பகிர்வு வண்டிகளில் ஆளுக்கு ஒரு பைக்குத்தான் இடம் கிடைக்கும். அருணாசலப் பிரதேசத்துக்குள் நுழைய வெளிமாநிலத்தவர் அனைவருக்கும் இன்னர் லைன் பெர்மிட் கட்டாயம். அதை இணையத்திலேயே விண்ணப்பித்துப் பெறலாம். ஆறு பேருடைய பெர்மிட்டையும் தாளில் அச்சிட்டு, தார்ப்பாயோடு சேர்த்துக் கட்டாமல், எளிதில் எடுக்கும்படி சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.