மூச்சுக்குழாயின் குருத்தணுக்கள்: பீடியை விட்ட பிறகு நுரையீரல் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளுமா?

தாமிரபரணிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 64. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பீடி புகைத்தவர், சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன அன்றே அதை விட்டுவிட்டார். ஏழு மாதங்கள் ஆகின்றன. ஆனால் விட்ட பிறகு இருமலும் சளியும் கூடியிருக்கின்றன. காலையில் முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்துவிட்டு, "குடிச்சப்பவே நல்லாத்தானே இருந்தேன்" என்று அவர் சொல்லும்போது என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

இந்நிலையில், உறவினர் ஒருவர் அழைத்துச் சென்ற தனியார் மருத்துவமனையில், ஸ்டெம் செல்லை, அதாவது வேறு செல்களாக மாறக்கூடிய குருத்தணுக்களை, நரம்பு ஊசியாகச் செலுத்தினால் நுரையீரல் புதிதாக வளரும் என்றும், மூன்று தவணைகளுக்கு நான்கரை லட்சம் ரூபாய் ஆகும் என்றும் கூறினார்கள். நம் மூச்சுக்குழாயிலேயே குருத்தணுக்கள் இருக்கின்றன என்று ஓரிடத்தில் படித்தேன். அப்படி இருந்தால் அவை ஏன் இத்தனை ஆண்டுகளாக நுரையீரலைச் சரிசெய்யவில்லை? வெளியிலிருந்து செலுத்துவதால் பயன் உண்டா? வயலை அடமானம் வைப்பதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

நுண்ணோக்கி:

வணக்கம். மூச்சுக்குழாய்ச் செல்களை வளர்த்து ஆராயும் ஆய்வகம் ஒன்றில் பத்து ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். நான் மருத்துவர் அல்லேன் என்பதால் செல்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது உண்மை. மூச்சுக்குழாயின் உட்படலத்தில், அசைந்து சளியைத் தள்ளும் மயிர் போன்ற குறுஇழைகள் கொண்ட செல்களும் கோழை சுரக்கும் செல்களும் உயர்ந்து நிற்க, அவற்றின் காலடியில் குட்டையான செல்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். இவற்றை அடித்தளச் செல்கள் என்கிறோம். பெரிய மூச்சுக்குழாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செல்கள் இவைதாம். சாதாரண நாட்களில் மிக மெதுவாகவே பிரிந்து பெருகும். மேலடுக்குக்குக் காயம் நேர்ந்தால் விரைந்து பிரிந்து, தேவையான செல்களாக மாறும். சுண்டெலியைக் கந்தக டை ஆக்சைடைச் சுவாசிக்கச் செய்தால் மேலடுக்கு உதிர்ந்துபோகிறது. எஞ்சிய அடித்தளச் செல்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் படலம் மீண்டும் உருவாகிவிடுகிறது.

மனிதச் செல்களில் இதை என் கண்ணாலேயே பார்க்கிறேன். மூச்சுக்குழாயை மெல்லிய தூரிகையால் வருடி எடுத்த செல்களை நுண்துளைச் சவ்வின் மேல் பரப்பி, கீழ்ப்புறம் மட்டும் ஊட்டநீர் வைத்து, மேற்புறத்தைக் காற்றுக்குத் திறந்துவிடுவோம். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலையில், முந்தைய நாள் வரை அசைவற்றிருந்த பரப்பு நுண்ணோக்கியின் கீழ் மினுமினுக்கும். குறுஇழைகள் அடிக்கத் தொடங்கியிருக்கும். மேலும் சில நாட்களில், அவை தள்ளும் கோழை கிண்ணத்துக்குள் வட்டமிட்டுச் சுழலும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

பீடிப் புகை தொடர்ந்து படும்போது இந்த அடித்தளச் செல்களின் போக்கு மாறிவிடுகிறது. கோழைச் செல்களை அதிகமாகவும் குறுஇழைச் செல்களைக் குறைவாகவும் உண்டாக்குகின்றன; சில இடங்களில் தோலில் இருப்பதைப் போன்ற தட்டையான செல்களை அடுக்கிவிடுகின்றன. ஆக, அவை பழுதுபார்க்காமல் இருந்ததில்லை. புகையைத் தாங்கும் விதமாகப் பழுதுபார்த்துவந்தன.

புகையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு 2020-இல் பிரிட்டனின் சாங்கர் நிறுவனமும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 16 பேரின் மூச்சுக்குழாயிலிருந்து ஒற்றைச் செல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கூட்டமாக வளர்த்து, அப்படி 632 கூட்டங்களின் முழு மரபணுத் தொகுதியையும் படித்தார்கள். புகைப்பவர்களின் செல்களில் ஆயிரக்கணக்கான மரபணுப் பிழைகள் இருந்தன. ஆனால் புகைப்பதை விட்டவர்களிடம், புகைக்காதவர்களின் செல்களுக்கு நிகரான, பிழை குறைந்த செல்கள் 40 சதவீதம் வரை இருந்தன. புகைப்பதைத் தொடர்பவர்களிடம் இருந்ததைப் போல நான்கு மடங்கு. எங்கோ புகையிலிருந்து தப்பிப் பிழைத்திருந்த சில நல்ல செல்கள், புகை விலகியதும் பெருகிப் படர்ந்திருக்கின்றன என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பல பத்தாண்டுகள் புகைத்தவர்களிடமும் இதைக் கண்டார்கள். உங்கள் தந்தையிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி, வருத்தத்தோடு சொல்ல வேண்டிய பகுதி. மேற்சொன்னது குழாயின் உட்படலத்துக்குப் பொருந்தும். குழாய்களின் முனையில் உள்ள காற்று நுண்ணறைகளின் கதை வேறு. அங்கு இரண்டாம் வகைச் செல்கள் எனப்படுபவை குருத்தணுக்களாகச் செயல்பட்டு, காற்றும் இரத்தமும் சந்திக்கும் மெல்லிய செல்களை உண்டாக்குகின்றன. ஆனால் சிஓபிடியின் ஒரு வடிவமான எம்பைசிமாவில் நுண்ணறைகளின் சுவரே, அதிலுள்ள மீள்நார்களோடும் இரத்த நுண்குழாய்களோடும் சேர்ந்து அழிந்துவிடுகிறது. சாரமும் சுவரும் இல்லாத இடத்தில் புதிய செல் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

நரம்பு ஊசியாகச் செலுத்தும் செல்கள் நுரையீரலைச் சென்றடைகின்றன என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள். அது பொய்யன்று. சிரை இரத்தம் இதயத்தைக் கடந்ததும் முதலில் நுரையீரலின் நுண்குழாய்களுக்குத்தான் செல்கிறது. பருமனான அந்தச் செல்கள் அங்கே சிக்கிக்கொண்டு, பெரும்பாலானவை ஓரிரு நாட்களில் மறைந்துவிடுகின்றன. மூச்சுக்குழாய்ச் செல்லாகவோ நுண்ணறைச் செல்லாகவோ அவை மாறுவதில்லை. அமெரிக்காவில் 62 சிஓபிடி நோயாளிகளுக்கு இப்படிச் செலுத்திப் பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய தீங்கு ஏதும் நேரவில்லை. ஆனால் மூச்சுத் திறனில் முன்னேற்றமும் இல்லை.

நெஞ்சகப்பிரிவு:

மேலே எழுதியவர் சொன்னவற்றை நானும் ஏற்கிறேன். நான் நுரையீரல் மருத்துவர். எனினும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புகைப்பதை விட்டதும் குறுஇழைகள் மீண்டு சளியை மேலே தள்ளுவதால் முதல் சில வாரங்கள் இருமல் கூடுவது இயல்பு. ஏழு மாதங்களுக்குப் பிறகும் கூடிக்கொண்டே இருந்தால், "நுரையீரல் சுத்தமாகிறது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, காசநோய்க்கான சளிப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள். எடை குறைந்தாலோ, சளியில் இரத்தம் தென்பட்டாலோ இந்த வாரமே செல்லுங்கள்.

ஊசி விஷயத்தில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் தெளிவாக உள்ளன. குறிப்பிட்ட சில இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று நீங்கலாக, பிற நோய்களுக்குக் குருத்தணுக்களைச் செலுத்துவது அனுமதி பெற்ற மருத்துவ ஆய்வாக மட்டுமே நடக்கலாம். அந்த ஆய்வில் சேரும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஆய்வின் பதிவு எண்ணை அவர்களிடம் கேளுங்கள்.

அந்தப் பணத்தில் சிறு பகுதி இருந்தாலே போதும்: ஸ்பேசரோடு (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் குழல்) இன்ஹேலரைச் சரியாக இழுக்கப் பழகுவது, ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, பிசியோதெரபிஸ்டிடம் சில வாரங்கள் மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும். என்னிடம் வரும் சிஓபிடி நோயாளிகளில் பலர் இன்ஹேலரைத் தவறாகத்தான் இழுக்கிறார்கள். மருந்து நாக்கிலேயே தங்கிவிடுகிறது. வீட்டில் விறகடுப்போ வேறு புகையோ இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வைகறை:

இடையில் ஒரு கேள்வி. நோயாளியின் சொந்தச் செல்களைத் தூவிய செயற்கை மூச்சுக்குழாயைப் பொருத்தினார்கள் என்று முன்பு செய்தித்தாளில் படித்திருக்கிறேன். அது என்ன ஆயிற்று?

நுண்ணோக்கி:

கேட்டது நல்லது, எங்கள் துறையின் ஆறாத புண் அது. 2011-இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் பாவ்லோ மக்கியாரினி என்ற அறுவை சிகிச்சை நிபுணர், பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் மேல் நோயாளியின் எலும்பு மஜ்ஜைச் செல்களைத் தூவிப் பொருத்தினார். எலும்பு மஜ்ஜைச் செல் மூச்சுக்குழாய்ப் படலமாக மாறாது. பிளாஸ்டிக்கில் இரத்த ஓட்டமும் கிடையாது. படலம் உருவாகாத குழாயில் தொற்று வராமல் எப்படி இருக்கும்? சுவீடனில் அப்படிப் பொருத்தப்பட்ட மூவரும் இறந்தனர். வெற்றி என்று அறிவித்த கட்டுரை 2018-இல் திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. எந்தச் செல் எதுவாக மாறும் என்ற அடிப்படைக் கேள்வியைத் தாண்டிக் குதித்ததற்கு அந்த நோயாளிகள் உயிரை விலையாகக் கொடுத்தார்கள். உங்கள் தந்தையிடம் நான்கரை லட்சம் கேட்பவர்களிடமும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

தாமிரபரணிக்கரை:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை அந்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்துப் பதிவு எண்ணைக் கேட்டேன். "இது ஆய்வு இல்லை, சிகிச்சை" என்று சொல்லி, முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளை எக்ஸ்ரேவுக்கும் சளிப் பரிசோதனைக்கும் அழைத்துச் செல்கிறேன்.

நல்ல செல்கள் மீண்டும் பெருகும் என்ற பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை; "இன்னொரு தடவை படி" என்றார். வீட்டில் சமையல் கேஸ் அடுப்பில்தான். ஆனால் அவர் கட்டிலுக்கடியில் இரவு முழுவதும் கொசுவத்திச் சுருள் எரிகிறது என்பது உங்கள் பதிலைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது. இன்று மாலை கொசுவலை வாங்கிக் கட்டிவிட்டேன்.